விடாத மூச்சு

மகளுக்குக் கொடுக்கும் பாலை ஆற்றுவதற்காக அவர் தம்ளர் விளிம்பில் உதட்டைக் குவித்து ஊதினார். பாலின் மேல் படிந்திருந்த ஏடு அசையவில்லை.

அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஊதக்கா, கெட்டியான ஏடாக இருக்கும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் தம்ளரிலிருந்து எழுந்த ஆவி நேராக மேலே போகவில்லை. தன் புருஷனின் முகத்தை நோக்கிச் சாய்ந்து, உதட்டோரம் வந்து காணாமல் போனது.

ஊதக்கா என்பது ஆஸ்பத்திரியில் விழுந்த பெயர். நுரையீரல் பரிசோதனை அறையில் அவளுக்கு வேலை. வருகிறவர்கள் மூக்கில் கிளிப்பை மாட்டி, வாயில் அட்டைக்குழாயைக் கொடுத்து, "நல்லா இழுங்க, இப்ப ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க" என்று நாள் முழுக்கக் கத்துவதுதான் பிழைப்பு. "இதுவரைக்கும் போலீஸ்காரர் சொல்லித்தான் ஊதியிருக்கேன்" என்று வாரத்துக்கு ஒருவராவது சொல்வார். அவளும் முதல்முறை கேட்பதுபோலச் சிரித்துவைப்பாள்.

இத்தனை வருடத்தில் மூச்சைப் பற்றி அவள் தெரிந்துகொண்டது, இழுப்பதைவிட விடுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது என்பது. வயிற்றுக்கு மேலே கூரைபோல இருக்கும் உதரவிதானம் கீழே இறங்கினால், விலா விரிந்தால், காற்று தானாக உள்ளே வந்துவிடும். நுரையீரலின் நுனியில் இருக்கிற குட்டிக் குட்டிக் குமிழிகளில் ரத்தம் நல்லதை வாங்கிக்கொண்டு கெட்டதைக் கொடுத்துவிடும். அதை வெளியே தள்ளியாக வேண்டும். தள்ளாத உடம்பு தாங்காது.

அவள் புருஷன் நிலத்தடித் தொட்டிகளைச் சுத்தம் செய்கிறவர். போன மாதம் ஒரு தொழிற்சாலையின் தொட்டிக்குள் இறங்கினார். உள்ளே நல்ல காற்றில்லை. மயங்கி விழுந்தவரை, உடன் வேலை செய்யும் அவருடைய தம்பிதான் கயிறு கட்டித் தூக்கினான். சில நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு, நெஞ்சில் ஒன்றுமில்லை, ஓய்வெடுக்கட்டும் என்று அனுப்பிவிட்டார்கள்.

பாலின் ஏட்டைப் பார்த்த அன்றிலிருந்து அவள் கண் அவரை விட்டு நகரவில்லை. குரலில் ஏதோ பிசகு இருந்தது. வெளியே வருகிற மூச்சின் மேல் ஏறித்தான் பேச்சு வரும். இவர் பேச்சோ, தேம்பி அழுத குழந்தை விக்கலுக்கு நடுவே பேசுவதுபோல உள்நோக்கிக் கீறிக்கொண்டு போனது. இருமல் இல்லை. தும்மல் இல்லை. கொட்டாவியில் வாய் திறந்தது, மூடியது, அவ்வளவுதான்.

"ஏங்க, ஒருநாள் எங்க ரூமுக்கு வந்து ஊதிப் பார்த்துடுங்களேன்."

"எனக்கென்ன கேடு? மூச்சு விட்டுட்டுத்தானே இருக்கேன்?" சொல்லிவிட்டு அவர் சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு.

ஞாயிறு மதியம் அவர் கண்ணயர்ந்திருந்தபோது, அவள் பக்கத்தில் உட்கார்ந்து புறங்கையை மூக்கருகே கொண்டுபோனாள். வெதுவெதுப்பாக எதுவும் படவில்லை. மெல்லிய குளிர்தான் விரல்களைத் தடவிக்கொண்டு ஒரே பக்கமாக ஓடியது. நெஞ்சு ஏறியது, இறங்கியது. இறங்கும்போதும் காற்று உள்ளேதான் போனது. கையை எடுத்தாள். அவர் கண் திறந்திருந்தது.

"என்ன பாக்குற?"

"கொசு" என்றாள்.

அவரைத் தூக்கிய கொழுந்தன் அதற்குப் பிறகு இந்த வீட்டுப் பக்கமே வருவதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அண்ணன் என்றால் உயிரை விடுகிறவன். மறுநாள் போன் செய்து ஆஸ்பத்திரிக்கு வரச்சொன்னாள். இளவட்டம், மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற உடம்பு. படியேறி வந்தவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். குழாயை நீட்டினாள். ஊதினான். திரையில் எழுந்த கோடு பாதி வழியிலேயே தலை கவிழ்ந்தது. நுரையீரல் நோய் முற்றியவர்களிடம்தான் அப்படி ஒரு கோட்டை அவள் பார்த்திருக்கிறாள்.

"உனக்கு என்ன ஆச்சு தம்பி?"

அவன் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான். "அண்ணனை மேல தூக்கும்போது மூச்சு இல்ல அண்ணி. வாயில வாய் வெச்சு ஊதினேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல. அப்புறம் அவரே இழுக்க ஆரம்பிச்சாரு."

"அப்ப நல்லதுதானே?"

"நான் ஊதறதை நிறுத்திட்டேன் அண்ணி. அவர் நிறுத்தல. என் தலையைப் பிடிச்சுக்கிட்டு என் மூச்சை இழுத்தாரு. ஆளுங்க வந்து பிரிச்சாங்க." நெஞ்சைத் தடவினான். "அன்னைக்குப் போனது இன்னும் திரும்பி வரல."

அவளுக்கு மகள் நினைவு வந்தது. சிட்டு இப்போதெல்லாம் ஓடி விளையாடுவதில்லை. ஜடை பின்னும்போதுகூட மேல்மூச்சு வாங்கினாள். கேட்டதற்கு, "அப்பா மடியில படுத்தா நல்லா தூக்கம் வருதும்மா" என்று சொன்னாள். வேலைக்குப் போகாமல் வீட்டில் இருப்பதால் பள்ளிக்கூடத்திலிருந்து அவளை அழைத்துவருவது அவர்தான். பள்ளிக்கூடம் விட்டிருக்கும் நேரம்.

யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஓடினாள்.

தெருவில் வெயில் இன்னும் இறங்கவில்லை. வாசலில் செருப்புகள், பெரியது ஒரு ஜோடி, சின்னது ஒரு ஜோடி. கதவு சாத்தியிருந்தது. கதவின் அடி இடுக்கை நோக்கி வாசல் தூசி மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. ஒரு காய்ந்த இலை. ஒரு மிட்டாய்க் காகிதம். ஒவ்வொன்றாக உள்ளே நுழைந்தன.

கதவைத் தொட்டாள். அவள் தள்ளுவதற்கு முன்பே அது உள்ளே போனது.

ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன. புழுக்கமான, பழைய தண்ணீர் வாடை. காலண்டர் தாள்கள் சுவரைவிட்டு எழும்பி ஒரே பக்கமாக நீண்டு நின்றன. திரைச்சீலையும் அதே பக்கம்தான். நாற்காலியில் அவர். மடியில் சிட்டு, பள்ளிக்கூடச் சட்டையோடு, அப்பாவின் முகத்துக்கு நேராக முகம் வைத்து உறங்கிக்கொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது.

மகளைக் கூப்பிட நினைத்தாள். குரல் வரவில்லை. வெளியே விட நெஞ்சில் காற்றில்லை. இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். அவள் தோளிலிருந்த துணி தானாக நழுவி, அவர் இருந்த திசையில் பறந்தது.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தார்.

சிட்டுவின் நெற்றிமயிர் மொத்தமும் எழும்பியிருந்தது. அவர் வாய்க்குள் நீண்டிருந்தது. காற்றில் ஆடும் மயிர் ஆடி அடங்கும்.

இது அடங்கவில்லை.