ஹாக்ஸ்டாட் கிடங்கின் அடிக்கதவு

அறுவடைத் திருவிழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் ஆரின் ஹாக்ஸ்டாட் தன் பழைய கோதுமைக் கிடங்குக்கு வந்து இறங்கினார். வடக்கு டகோட்டாவில் எங்கள் சிற்றூரின் தேவாலயக் கோபுரத்தைவிட அந்த மரக்கிடங்கு உயரம். வெகுகாலம் பூட்டிக் கிடந்ததை ஊர் அருங்காட்சியகமாக மாற்றியிருந்தோம், பொறுப்பு என்னுடையது. வாசல் பலகையில் எழுதவேண்டிய பழங்கதையை அவர் வாயாலேயே கேட்கலாம் என்று கூப்பிட்டிருந்தேன்.

உள்ளே பலகை இடுக்குகளில் வந்த வெளிச்சம்தான். எலிப்புழுக்கை வீச்சம், பழந்தூசி. அடியில் கோதுமையை இறக்கிவிடும் கதவு வைத்த பெரிய குதிர் அருகே போனதும் வாசனை மாறியது. புதுக்கோதுமை. அன்று காலை கதிரடித்ததுபோல.

குதிர் காலி. நானே இறங்கிப் பெருக்கியது.

லேலண்ட் பிரெக்கியைப் பற்றி என்ன எழுதட்டும் என்று கேட்டேன். ஆரினிடம் வேலை பார்த்தவர். கிடங்கில் எடையில் ஏமாற்றுகிறார்கள் என்று விவசாயிகளிடம் போட்டு உடைத்து, கூட்டுறவுக் கிடங்கு கட்ட ஆள் சேர்த்தவர். கட்டித்தட்டிய கோதுமையைக் கிளற இந்தக் குதிருக்குள் இறங்கியவர் அதிலேயே புதைந்து செத்தார். கூட்டுறவுப் பேச்சும் அவரோடு போயிற்று.

"குடிச்சிட்டு விழுந்தான்னு எழுது, மார்லிஸ்" என்றார் ஆரின். "அவன் தங்கச்சி வெர்னா வந்து கத்துவா. கத்திட்டுப் போறா."

குதிருக்குள் ஏதோ உதிர்ந்தது.

எலி என்றார்.

உதிர்ந்தது கொட்டத் தொடங்கியது. கொட்டியது பொழிந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில், மூச்சு முட்டும் ஒரு குரல்.

"ஆரின்... அடிக்கதவ மூடு."

ஆரின் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நீ உள்ள இருக்கன்னு எனக்குத் தெரியாதுடா" என்றார், குதிருக்குள் பார்த்து.

இரைச்சல் நின்றது.

"கூப்பிட்டேனே. கேட்டுட்டுத்தானே கதவத் தொறந்த."

ஆரின் இருமினார். மறுபடி இருமினார். மண்டியிட்டார்.

வாயிலிருந்து கோதுமை வந்தது. ஈரமாக, பிடிபிடியாக. விரலை விட்டுத் தோண்டினேன். தோண்டத் தோண்ட உள்ளிருந்து நிரம்பியது. அவர் கண்கள் என்னை விட்டு அகலவில்லை, அவை அசைவற்றுப் போகும்வரை.

மாரடைப்பு என்று டாக்டர் எழுதினார். தொண்டைக்குள் பார்த்ததைப் பற்றி அவர் இன்றுவரை வாய் திறக்கவில்லை.

குதிருக்குள்ளிருந்து கேட்டதை அப்படியே பலகையில் எழுதினேன். வெர்னா வந்து படித்தாள். அண்ணன் பெயரை விரலால் தடவிவிட்டுப் போனாள்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அடக்கம் செய்த வாரமே ஆரினின் கல்லறை மண் நடுவில் குழிந்தது. அடியில் கதவு திறந்தால் கோதுமை எப்படிச் சுழித்து இறங்குமோ, அப்படி. வெட்டியான் ரூபன் மேடாக்கினான். விடிந்தால் குழி. லாரியில் மண் கொண்டுவந்து கொட்டினார்கள். அதுவும் இறங்கியது.

வெர்னாவிடம் போய், ஆரினை விட்டுவிடும்படி அண்ணனிடம் சொல்லக் கூடாதா என்று கேட்டேன்.

"நான் எதுக்குச் சொல்லணும்?" என்றாள்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து அந்தக் குழியருகே குனிந்து காது வைத்தேன்.

ஆழத்தில் யாரோ இருமிக்கொண்டிருந்தார்கள்.