ஹெப்ரோன் அச்சகத்தின் வெற்றுத் தாள்கள்

நேற்றுவரை வெறுமையாக இருந்த தாளில் இன்று ஒரு வரி இருந்தது.

நெஸ்டா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். பழைய புத்தகங்களுக்கு மதிப்புப் போடுவது அவள் பிழைப்பு. எந்தப் பதிப்பகம் முதல் பதிப்பில் என்ன அடையாளம் விட்டுவைக்கும் என்பது அவள் விரலுக்கே தெரியும். இது ஹெப்ரோன் அச்சகம், 1893. இந்தப் பள்ளத்தாக்கின் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தபோது செத்தவர்களின் பட்டியல், யார் எதை வைத்துப் பிணத்தை அடையாளம் காட்டினார் என்ற குறிப்போடு. அச்சேறிய நாளில் பதினோரு பேர் இன்னும் குழிக்குள்ளேதான் கிடந்தார்கள். பிணம் மேலே வர வரச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அச்சக முதலாளி கடைசியில் சில தாள்களை எழுத்தில்லாமல் விட்டார். அடுத்த பதிப்பில் அவை நிரம்பிவிட்டன. ஆகவே, தாள் வெறுமையாக இருந்தால் முதல் பதிப்பு.

இப்போது அதே தேய்ந்த எழுத்தில்: கிலிம் ப்ரீஸ், வயது 71. இடுப்பு வாரை வைத்து அடையாளம் காட்டியவர், தங்கை.

கிலிம்தான் போன வாரம் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர்.

அவர் வீட்டுக்குப் போன் போட்டாள். தங்கை எடுத்தாள். அண்ணன் நேற்றுச் சாயங்காலம் இறந்துபோய்விட்டாராம். அதற்குச் சற்று முன்னால்தான் நாலு பேர் விளக்கோடு வந்தார்களாம், சாக்கு மூடிய பலகையைச் சுமந்துகொண்டு. சுரங்கம் மூடி முப்பது வருஷமாச்சே என்று கேட்கக்கூட அவளுக்கு வாய் வரவில்லையாம்.

"இடுப்பு வார மட்டும் காட்டினாங்க. நான் தச்சுக் குடுத்தது. ஆமா, எங்கண்ணனோடதுன்னு சொல்லிட்டேன். அப்ப அவன் மாடியில ரேடியோ கேட்டுக்கிட்டிருந்தான். நான் சொன்ன பிறகுதான் போனான்."

நெஸ்டா போனை வைத்தாள். அவளைத் தவிரப் புத்தகத்தைத் தொட்டவர் இன்னொருவர் உண்டு. அவள் புருஷன் இட்வல், நேற்றுச் சாப்பாட்டு நேரத்தில், எச்சில் விரலால் புரட்டினான். குழிக்குள் இருபது வருஷம் கரி வெட்டி நெஞ்சு முழுக்கத் தூசி ஏறியவன். எழுதாத தாளுக்கா இவ்வளவு மதிப்பு, அப்படியென்றால் என் மூளைக்கு என்ன விலை போடுவாய் என்று இருமலுக்கு நடுவே சிரித்தான்.

தாளைத் திருப்பினாள். சுவரில் ஈரம் ஊறுவதுபோல் எழுத்து ஊறி வந்துகொண்டிருந்தது. இட்வல் ரீஸ், வயது 68. பூட்ஸை வைத்து அடையாளம் காட்டியவர்,

அங்கே நின்றது.

முப்பது வருஷத் தொழிலில் ஒரு தாளின் முனையைக்கூட மடக்காதவள், அந்தத் தாளைப் பிடித்துக் கிழித்தாள். அடுத்த தாளிலும் அதே வரி. அதையும் கிழித்தாள். அட்டைக்குள் ஒட்டிய காகிதத்திலும் அதே வரி. அதே இடத்தில் நின்றது. சரி, நான் வாயைத் திறந்தால்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

குளிர்காலம், நாலு மணிக்கே இருட்டிவிட்டது. தேங்கிய குழித்தண்ணீரின் வாடை முதலில் வந்தது. பிறகு தெருக் கல்லில் ஆணி அடித்த காலணிகளின் சத்தம், அவசரமில்லாமல், எட்டுக் கால்கள். தாழ் போட்ட கதவு திறந்தே இருந்தது.

நாலு பேர். கரி அப்பிய முகங்கள். பலகையைச் சமையலறை மேஜையில், புத்தகத்துக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். தண்ணீர் சொட்டியது. ஒருவன் சாக்கைக் கணுக்கால்வரை தூக்கினான்.

பூட்ஸ். இடது காலில் சிவப்பு லேஸ். பழையது அறுந்துபோய் அவள் கோத்துக் கொடுத்தது.

அவர்கள் எதுவும் கேட்கவில்லை. நின்றார்கள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மாடியில் இருமல். கட்டில் கிறீச்சிட்டது.

"நெஸ்டா, என் பூட்ஸ எங்கடி வச்ச?"

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெறுங்கால் படியில் இறங்கியது. ஒரு படி. மூச்சு வாங்கல். இன்னொரு படி.

"காது செவிடா? சிவப்பு லேஸ் போட்டது. அங்க இருக்கா பாரு."

பார்த்தாள். அவ்வளவுதான். வாய் மூடியே இருந்தது.

அந்தப் பார்வையே போதும் என்பதுபோல் நாலு விளக்குகளும் அவள் கண்ணுக்கு நேராக உயர்ந்தன. மேஜையில், புத்தக அட்டைக்குள், கால்புள்ளிக்கு அப்பால் எழுத்து மறுபடி ஊறத் தொடங்கியது. ம. பிறகு னை.

படியில் காலடி நின்றுவிட்டிருந்தது.