சோப்புத் தண்ணீருக்குத் தப்பிய ஈக்கள்

சித்தி வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் பழ ஈக்களை வளர்க்கிறார்கள். கண்ணாடிப் புட்டி, அடியில் கூழ் போன்ற தீனி, வாயில் பஞ்சு அடைப்பு. பள்ளி விட்டதும் சித்தியின் அக்கா மகள் அங்கே ஓடிவிடுவாள். கேள்வி கேட்டே ஆளைக் குடைந்தெடுப்பதால் அவளுக்குப் பெயர் குடைச்சல்.

பழ ஈயின் கண் ஏன் கருஞ்சிவப்பு என்று ஒருநாள் குடைந்தாள். பளிச்சென்ற சிவப்புச் சாயமும் பழுப்புச் சாயமும் சேர்வதால்தான் என்றாள் சித்தி. தின்ற தீனியைப் படிப்படியாகப் பழுப்புச் சாயமாக மாற்றுபவை நொதிகள். ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி.

குடைச்சலின் செல்லப் புட்டியில் இருந்த ஈக்களுக்கு முதல் படிக்கான நொதியே கிடையாது. அதனால் பழுப்பு உண்டாகாமல், கண் பளிச்சென்று சிவந்திருக்கும்.

இன்னொரு நாள், முட்டையிட்ட பழைய ஈக்களை எடுத்துவிட்டிருந்த அந்தப் புட்டியில் புதிதாக வெளிவந்த ஈக்களைப் பார்த்ததும் சித்தியின் முகம் கடுகடுத்தது. எல்லாம் கருஞ்சிவப்புக் கண்கள்.

"பஞ்சைத் திறந்தியா? வேற ஈ உள்ள பூந்திருச்சு."

இல்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் சித்தி நம்பவில்லை. வேறு ஈ கலந்த புட்டியைச் சோப்புத் தண்ணீரில் கொட்டி எல்லாவற்றையும் கொன்றுவிட வேண்டும், குடைச்சல் இனி இந்தப் பக்கமே வரக்கூடாது என்றாள்.

குடைச்சலுக்கு அழுகை முட்டியது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"வேற ஈ வந்துச்சுன்னா, நம்ம ஈ எங்க சித்தி போச்சு? ஒண்ணுகூட இல்லையே."

சோப்புத் தண்ணீர்ப் பக்கம் புட்டியைக் கொண்டுபோன சித்தியின் கை நின்றது.

"இதுங்களுக்கு என்ன தீனி போட்டீங்க?"

சித்தி புட்டியைத் தூக்கி அடியைப் பார்த்தாள். நீலப் பொட்டு. அந்தப் பொட்டு வைத்த புட்டியில் இருப்பது, பக்கத்து மேசைக்காரர் வேறு சோதனைக்குச் செய்து வைத்த தீனி. முதல் நொதி உண்டாக்க வேண்டிய பொருளை அதில் அவரே கலந்திருந்தார். அவசரத்தில் சித்தி அந்தப் புட்டியை எடுத்து, செல்ல ஈக்களை முட்டையிட அதில் விட்டிருந்தாள். முதல் படி தீனியிலேயே முடிந்துவிட்டதால், மற்ற நொதிகள் மிச்ச வேலையைச் செய்து பழுப்பைச் சேர்த்துவிட்டன.

சந்தேகம் தீர, அதே ஈக்களைச் சாதாரணத் தீனிக்கு மாற்றி, குஞ்சுகளுக்காகக் காத்திருந்தார்கள். வெளிவந்த அத்தனையும் பளிச்சென்ற சிவப்புக் கண்கள்.

"உன்மேல பழி போட்டது என் தப்புடி," என்றாள் சித்தி.

"பரவால்ல சித்தி," என்றாள் குடைச்சல், நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே.