மேலிருந்து கீழ்வரை, வெட்டாமல்

மழைக்கு ஒதுங்க வந்தவன் என்றுதான் நார்சிசா முதலில் நினைத்தாள். குவென்கா நகரத்தின் நாலு மணி மழைக்கு அவளுடைய இணையக் கடையில் ஒதுங்காதவர் யார்? ஆனால் இவன் வாசலில் நிற்கவில்லை. நேரே அவள் மேசைக்கு வந்தான். நனைந்த முடியை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தான்... இமையில் இன்னும் மழை இருந்தது. தேன் நிறக் கண்கள். இப்படியா ஒருத்தன் பார்ப்பான் என்று அவள் அவசரமாகக் கீபோர்டைப் பார்த்துக்கொண்டாள்.

"ஏங்க, ஒரு வெப் பக்கத்தை முழுசா ஒரே படமா எடுக்கணும். என் போன்ல எடுத்தா பதினேழு துண்டா வருது."

"ஒட்டிப் பாக்கலையா?"

"ஒட்டினேன். எங்க அக்காவுக்கு ரெண்டு தலை வந்துடுச்சு."

சிரித்துவிட்டாள். அவள் சிரித்து மாசக்கணக்காகிவிட்டது.

"எதுக்குங்க இது?"

"கோர்பஸ் திருநாள் இனிப்புச் சந்தையில எங்களுக்கும் ஒரு கடை கேட்டிருக்கோம். சாப்பிட்டவங்க எழுதினது மொத்தத்தையும், மேலிருந்து கீழ் வரைக்கும், வெட்டாம ஒரே படமா அனுப்பணுமாம். அஞ்சு மணிக்குள்ள."

"கடை பேரு?"

"சோய்லா சாப்பாட்டுக்கடை. அக்கா சமையல். நான் தம்பி, ரெமிஹியோ."

நார்சிசாவின் விரல்கள் அப்படியே நின்றன...

அந்தக் கடையை அவளுக்குத் தெரியும். போன டிசம்பரில் அங்கேதான், மூன்று வருடம் கூடச் சுற்றியவன், "நீ எனக்குச் சரிப்பட மாட்டே" என்று சூப்பைக் குடித்துக்கொண்டே உரக்கத் திட்ட ஆரம்பித்தான். அந்த நேரம் பார்த்து அத்திப்பழப் பாகும் பாலாடைக்கட்டியும் ஒரே தட்டில், ரெண்டு ஸ்பூன் போட்டு, "காதலர்களுக்கு எங்க அன்பளிப்பு" என்று யாரோ கொண்டுவந்து வைத்தார்கள். கடையே கைதட்டியது. யார் வைத்தது என்று அவளுக்குத் தெரியாது. கண்ணீருக்குள் எந்த முகமும் தெரியவில்லை. மறுநாள் காலை இதே மேசையில் உட்கார்ந்து அந்தக் கடையின் பக்கத்தில் எழுதினாள்: சூப்பில் கரப்பான்பூச்சி கிடந்தது. கரப்பானும் இல்லை, ஒன்றும் இல்லை. யாரையாவது காயப்படுத்த வேண்டியிருந்தது, அவ்வளவுதான். போதாததற்கு 'உள்ளதைச் சொல்பவள்' என்று புனைபெயர் வேறு. இப்போது நினைத்தால் காதெல்லாம் சுட்டது.

முதலில் எடுத்த படத்தில் பாதி இடம் வெள்ளைக் கட்டங்களாக வந்தது.

"மெதுவா கீழ வரைக்கும் உருட்டிட்டுத்தான் எடுக்கணும். அப்பதான் எல்லாம் வந்து சேரும்" என்றாள்.

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். தோளுக்குத் தோள். ஒவ்வொரு கருத்தாக வாய்விட்டுப் படித்தான். "பாருங்க, இவர் ரெண்டு பஸ் மாறி வந்து சாப்பிட்டிருக்காரு..." அந்தப் பெருமையைக் கேட்கக் கேட்க அவள் கூசிப்போனாள். அடியில் தன்னுடையது வந்ததும் வேகமாக உருட்டிவிட்டாள்.

"கடைசில ஒண்ணு நல்லா இல்லையே. வெட்டிடட்டுமா? யாருக்கும் தெரியாது" என்றாள்.

"வேணாங்க. வெட்டாமன்னு சொல்லியிருக்காங்க. வெட்டினா மேல இருக்கிற நல்லதும் பொய்யாயிடும்."

அதற்கு மேல் அவளால் அவன் பக்கம் திரும்ப முடியவில்லை. படத்தை எடுத்தாள். நீளமாக, ஒரே துண்டாக வந்தது. அவன் குனிந்து அடிவரை பார்த்தான்.

"இந்த ஒண்ணுக்கு மட்டும் கீழ 'திருத்து, நீக்கு'ன்னு போட்டிருக்கே. ஏன்?"

அவள் தன் கணக்கிலேயே உள்ளே நுழைந்திருந்தாள். அதை மறந்தே போயிருந்தாள். ஏதோ கோளாறு, மறுபடி எடுக்கிறேன் என்று சொல்லிவிடலாம். கணக்கிலிருந்து வெளியே வந்து எடுத்தால் அந்த வார்த்தைகள் போய்விடும். சாகும்வரை அவனுக்குத் தெரியாது...

"அது... எழுதினவங்க கண்ணுக்கு மட்டும்தாங்க தெரியும்."

"நமக்கும் தெரியுதே?"

"எனக்குத் தெரியுது" என்றாள் நார்சிசா.

அவன் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். புரிந்ததும் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினான். அந்த ஓசை அவளைச் சுருக்கென்று குத்தியது. தலையைத் தூக்காமலே எல்லாவற்றையும் சொன்னாள். சூப், ஸ்பூன், கைதட்டல், பொய்.

"மூணாவது மேசையா?" அவன் குரல் மாறியிருந்தது. "நீளமா முடி வச்சிருந்தீங்க..."

"வெட்டிட்டேன்."

"காதலர்னு நெனச்சு வைக்கலங்க. அவன் உங்களைத் திட்டறது அடுப்படி வரைக்கும் கேட்டுது. ஒரு தட்டு வந்தா வாயை மூடுவான்னுதான் வச்சேன்."

நல்லது செய்தவனுக்கா இதைச் செய்தோம்? அவளுக்கு அங்கேயே கரைந்துவிடலாம் போலிருந்தது.

"அக்கா அதைப் படிச்சதிலிருந்து சாப்பிடறவங்க முன்னாடி வர்றதே இல்ல" என்று மட்டும் சொன்னான். திட்டியிருந்தால் தேவலை.

அவள் 'திருத்து' என்பதை அழுத்தினாள். 'இது பொய். சூப்பில் எதுவும் இல்லை. என் கோபத்தில் எழுதினேன்.' புனைபெயரை அழித்துவிட்டு நார்சிசா ஓர்தோன்யெஸ் என்று முழுப்பெயரைப் போட்டாள். ஊரெல்லாம் படிக்கட்டும். மறுபடி முழுப்பக்கத்தையும் எடுத்து அனுப்பியபோது ஐந்துக்கு நாலு நிமிடம் இருந்தது.

"உங்க அக்காகிட்ட நேர்ல சொல்லணும்" என்று எழுந்தாள்.

குடையில்லாமல் நடந்தார்கள். வழியெல்லாம் அவன் இரண்டடி முன்னாலேயே போனான். அதுவும் நியாயம்தான் என்று பட்டது அவளுக்கு. அடுப்படி வாசலில் நின்றாள். உள்ளே சோய்லா சோளம் உரித்துக்கொண்டிருந்தாள். பெரிய உருவம், ஏப்ரனெல்லாம் மாவு.

"அக்கா... கரப்பான்னு எழுதினது நான்தான். பொய். அன்னிக்கு மூணாவது மேசையில அழுதுட்டிருந்தவ... மன்னிச்சிடுங்க."

சோய்லா கையைத் துடைத்தாள். அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். அவன் காது சிவந்திருந்தது.

"மூணாவது மேசைப் பொண்ணா? டேய்... ஆறு மாசமா நான் திட்டித் தீத்தவளும், நீ வாசலைப் பாத்துக் காத்துட்டிருந்தவளும் ஒருத்திதானா?"

நார்சிசா ரெமிஹியோவைப் பார்த்தாள். அவன் மறுப்பான் என்று காத்திருந்தாள். மறுக்கட்டும், தனக்கு அதுதான் தகும்.

"ஆமாக்கா" என்றான் ரெமிஹியோ, அவளைப் பார்த்தபடி. "வழியெல்லாம் கோபப்பட்டுப் பாத்தேன்... முடியல."