அப்பா ஓடும் காட்சி

என் அப்பாவைச் சினிமாவில் நடிக்கக் கூப்பிட்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை. இந்தக் கதையில் எனக்குப் பிடிக்காத முதல் விஷயம் அதுதான்.

எனக்கு அப்போது பத்து வயது. பெயர் ராக்காயி. நோர்வூட்டுக்கு மேலே, மலைச்சரிவில் எங்கள் தேயிலைத் தோட்டம். கொழும்பிலிருந்து ஒரு போதகர் வந்திருக்கிறார், யேசு சாமி சொன்ன ஓர் அப்பாவின் கதையைப் படம் பிடிக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டதும், தலையில் அரைப் போத்தல் எண்ணெயை ஊற்றிக்கொண்டு ஓடினேன். அவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் எதிரே போய் நின்றேன்.

கடைசியில் அவர் என்னைப் பார்த்தார்.

"நல்ல பிள்ளை. உனக்குப் பன்றியைப் பிடித்துக்கொள்ளத் தெரியுமா?" என்றார்.

கதையில் ஒரு பன்றி வருகிறது. அது ஓடிவிடாமல் கயிற்றைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளின் கைகூடப் படத்தில் தெரியாதாம்.

பன்றியைப் பார்த்துவிட்டு நான் வீடு திரும்ப நேரமாகிவிட்டது. அப்பா எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு வெளியே வந்து, ரோட்டைப் பார்த்தபடி நின்றிருந்தார். என்னைக் கண்டதும், "எங்க புள்ள போன? ஒன்ன எங்கெல்லாம் தேடுறது?" என்று சத்தம் போட்டார். பின்னால் வந்த போதகர் அப்படியே நின்றுவிட்டார்.

"இவர்தான். எனக்கு வேண்டிய அப்பா இவர்தான்" என்றார்.

அப்பா பயந்துபோனார். "ஐயா, நாங்க மாரியம்மனக் கும்புடுறவங்க."

"பரவாயில்லை. கதையில் வரும் மகன் அதையெல்லாம் கேட்கவே இல்லை" என்றார் போதகர்.

அன்று சாயங்காலம் அவர் எங்கள் லயத்து வாசலில் உட்கார்ந்து கதையைச் சொன்னார். ஓர் அப்பாவுக்கு இரண்டு மகன்கள். இளையவன் சொத்தில் தன் பங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய், எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு, பன்றி மேய்த்துப் பசியில் கிடக்கிறான். வேறு வழியில்லாமல் வீட்டுக்குத் திரும்பி வருகிறான்.

"பங்கு கேட்டானாமா? நம்மகிட்ட வந்து கேட்டா என்னாத்தக் குடுக்குறது? இந்த ஒத்தக் காம்பிராவுல பாதியவா?" என்றாள் அம்மா. எங்கள் வீடு மொத்தமே அந்த ஓர் அறைதான்.

"மகன் தூரத்தில் வரும்போதே அப்பா பார்த்துவிடுகிறார். திட்டவில்லை. காத்திருக்கவும் இல்லை. ஓடிப் போய்க் கட்டிப்பிடித்துக்கொள்கிறார். அந்த ஓட்டந்தான் படத்துக்கு உயிர்" என்றார் போதகர்.

மறுநாளிலிருந்து அப்பா ஓடிப் பழகினார். நான்தான் மகன். லயத்தின் அந்தக் கோடியில் நான் நிற்க, இந்தக் கோடியிலிருந்து தலைப்பாகை பறக்க அவர் ஓடி வருவார். கோழிகள் சிதறும். சட்டிகள் உருளும். வந்து என்னை அள்ளிக்கொள்வார். வியர்வையும் புகையிலையும் கலந்து மணக்கும்.

அதற்கு முன்பு அப்பா என்னைக் கட்டிப்பிடித்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. பாவம், வேலை முடிந்து மலையிலிருந்து இறங்கும்போதே அவர் பாதித் தூக்கத்தில் இருப்பார்.

"இன்னும் ஒருவாட்டி ஓடுப்பா. சரியா வரல்ல" என்பேன். சரியாகத்தான் வந்திருக்கும்.

பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். "எங்கப்பா ஓடுறதப் பாத்தீங்கன்னா அழுதுருவீங்க!"

படம் பிடிக்கும் நாள் வந்தது. மகனாக நடிக்க ஜெயசீலன் என்று ஓர் அண்ணனைக் கொழும்பிலிருந்து கூட்டி வந்திருந்தார்கள். நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த கன்னங்கள். பசியில் வாடியவன் என்று காட்ட, கன்னத்தில் கரி தடவினார்கள்.

காலையில் பன்றிக் காட்சி முடிந்தது. அடுத்தது அப்பாவின் ஓட்டம். தோட்டத்து ரோட்டில் கேமராவை நிறுத்தினார்கள். அதற்குச் சற்று முன்னால் ஜெயசீலன் அண்ணன் நின்றார். எதிரே தூரத்து வளைவில் அப்பா. பெரிய தலைப்பாகை, தோளில் போர்வை. ராஜா மாதிரி இருந்தார்.

அப்போதுதான் துரையின் கார் வந்தது.

அவர் வெள்ளைக்காரத் துரை. தோட்டம் முழுக்க அவர் சொல்தான். வாயில் புகை விடும் சுங்கானும் பக்கத்தில் நாயுமாக வேடிக்கை பார்க்க வந்திருந்தார். நேராகப் போய்க் கேமராவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"ஓடுங்கள்!" என்று போதகர் கை காட்டினார்.

அப்பா ஓடி வந்தார். ஐந்தாறு எட்டுத்தான். அண்ணனுக்குப் பின்னால் நின்ற துரை கண்ணில் பட்டார். அப்பாவின் கால்கள் நின்றன. தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்தார். ரோட்டை விட்டு இறங்கி, ஓரத்திலிருந்த தண்ணீர்க் கானுக்குள் நின்று, குனிந்து "சலாங்க" என்றார்.

ஜெயசீலன் அண்ணன் இரண்டு கையையும் விரித்தபடி காலி ரோட்டில் நின்றார்.

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் தோட்டத்து ஆட்கள் யாருக்கும் அப்பா செய்தது ஆச்சரியமாக இல்லை. எங்கள் வழக்கம் அதுதான். துரை எதிரே வந்தால் ரோட்டை விட்டு இறங்க வேண்டும். தலைத்துணியை எடுக்க வேண்டும். மழை கொட்டினாலும் குடையை மடக்க வேண்டும். ஓடக் கூடாது. முதுகைக் காட்டக் கூடாது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்து எட்டு வருடம் ஆகிவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்தார்கள். எங்கள் பக்கம் அது வரவில்லை. ஏறி வந்த பஸ் வழியில் கினிகத்தேனையில் பழுதாகிவிட்டதோ என்னவோ.

மறுபடியும் ஓடச் சொன்னார்கள். இந்த முறை தலைப்பாகை தலையில் இருந்தது. ஆனால் அப்பா ஓடவில்லை. சாவு வீட்டுக்குப் போகிறவர் மாதிரித் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்து வந்தார். துரையை நெருங்க நெருங்க, கை தானாகவே தலைப்பாகைக்குப் போனது.

எங்கள் பள்ளிக்கூடத்து இராசரத்தினம் மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். போதகருக்கு உதவியாக வந்திருந்தார்.

"என்ன காணும் வீரய்யா, உமக்கு ஓடத் தெரியாதோ? பிலிம் என்ன விலை எண்டு தெரியுமோ?" என்று கத்தினார்.

துரை சுங்கானை எடுத்துவிட்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னார். மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு எங்களுக்கும் சொன்னார். "சம்பள நாளில வந்து படம் பிடிக்கட்டாம். கள்ளுக்கடைக்கு நல்லா ஓடுவாங்களாம்!"

எல்லோரும் சிரித்தார்கள்.

அப்பா கள்ளுக்கடைப் பக்கமே போகாதவர். அவரும் சிரித்தார்.

டின்னில் கொஞ்சம்தான் பிலிம் மிச்சம் என்றார் கேமராக்காரர். ஆட்களை மேய்க்கும் கந்தப்பன் கங்காணி உடனே மீசையைத் தடவிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஐயா, நான் செய்யிறேனுங்க. ஆனா நான் ஓட மாட்டேன். அப்பான்னா ஒரு மரியாத வேணாமா? நான் நின்னுக்கிறேன். மகன் ஓடி வந்து கால்ல விழட்டும்."

போதகர் நெற்றியைத் தேய்த்தார். "வேறு வழி இல்லையென்றால் அப்படித்தான் செய்ய வேண்டும்" என்றார்.

அப்படியென்றால் அது வேறு கதை. அந்த மாதிரி அப்பாக்கள் எங்கள் தோட்டத்தில் ஏராளம். அதற்குப் படம் எதற்கு?

நான் போதகரின் சட்டையை இழுத்தேன். "ஐயா, எங்கப்பாவுக்கு நல்லா ஓடத் தெரியும். தொர நிக்கிறாருல்ல. தொர முன்னுக்கு யாருமே ஓட மாட்டாங்க. அவரக் கொஞ்சம் போகச் சொல்லுங்க."

போதகர் துரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்போதுதான் கவனித்தேன். அவரும் தன் தொப்பியைக் கழற்றிக் கையில்தான் வைத்திருந்தார்.

சரி, துரையை நகர்த்த இந்த உலகத்தில் ஆள் இல்லை. அப்பாவைத்தான் திருப்ப வேண்டும்.

"அப்புடின்னா கேமராவ அப்பாவுக்குப் பின்னால கொண்டு போயிருங்க. தொரையும் அங்கயே வந்துருவாரு. ஜெயசீலன் அண்ணன் இந்தப் பக்கமே இருக்கட்டும். அப்பா கண்ணுல அண்ணன் மட்டுந்தான் படுவாரு."

"அப்பாவின் முதுகு மட்டும்தானே தெரியும், பிள்ளை?"

"மகனோட மொகம் தெரியுமுங்களே."

கேமராக்காரர் அதுவரை யாரோடும் பேசாதவர். "பிள்ளை சொல்வது சரி" என்றார். சொல்லிவிட்டுக் கேமராவைத் தூக்கிக்கொண்டார். அதற்குள் கங்காணி, வேடிக்கை பார்த்த தோட்டத்து ஆட்களையெல்லாம் மலைக்கு வேலைக்கு விரட்டிவிட்டார்.

ஆனால் துரைக்கு முதுகைக் காட்டுவதும் குற்றமாயிற்றே! தெரிந்தால் அப்பா நகரவே மாட்டார். அவர் ரோட்டோரக் கல்லில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அப்பா, தொர போயிட்டாரு."

"போயிட்டாரா? கார் சத்தம் கேக்கல்லையே?"

"நடந்து போனாரு."

"தொர நடந்து போனாரா?"

எனக்கு வேர்த்தது. "நாய்க்கு வயித்துவலி. காருல வாந்தி எடுத்துரும்னு தூக்கிக்கிட்டுப் போனாரு."

அப்பா யோசித்தார். "பாவம், வாயில்லாத சீவன்" என்றார்.

"இன்னொண்ணு. திரும்பிப் பாக்கக் கூடாதாம். பாத்தா படம் கெட்டுப் போயிருமாம்."

"நான் ஏன் பாக்கப் போறேன்?" என்று தலைப்பாகையை இறுக்கிக் கட்டினார்.

நான் ஓடிப்போய், ஜெயசீலன் அண்ணனுக்குப் பின்னால், ஒரு தேயிலைச் செடியின் மறைவில் நின்றுகொண்டேன். தலையை மட்டும் நீட்டினேன். இன்னும் தள்ளி, அப்பாவின் முதுகுக்குப் பின்னால், கேமராவும் துரையும் வந்துவிட்டார்கள். நாய்க்கு வயிற்றில் ஒரு குறையும் இல்லை.

"ஓடுங்கள்!"

அப்பா ஓடினார்.

நடு ரோட்டில் ஓடினார். தலைப்பாகை அவிழ்ந்து பின்னால் பறந்தது. எடுக்கக்கூட நிற்கவில்லை. கண்கள் எங்கள் பக்கமே இருந்தன. அந்த முகத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. லயத்தில் ஓடிப் பழகியபோது அவர் சிரித்துக்கொண்டே வருவார். இது சிரிப்பில்லை. எதையோ தொலைத்துவிட்டு, அதை இப்போதுதான் கண்டவர் மாதிரி வாய் திறந்திருந்தது. கண்ணீர் காதுப் பக்கமாக ஓடியது. ஜெயசீலன் அண்ணனை அவர் கட்டிப்பிடித்தபோது, நடிக்க வேண்டிய அண்ணன் நடிக்க மறந்து நிஜமாகவே தேம்பினார்.

எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. அந்தக் கட்டிப்பிடித்தல் என்னுடையது.

"போதும், போதும்!" என்று போதகர் கத்தினார்.

அப்பா திரும்பினார். துரையைப் பார்த்தார்.

கை தலைக்குப் போனது. அங்கே கழற்ற ஒன்றும் இல்லை. வெறும் தலையைத் தடவிக்கொண்டே கானுக்குள் இறங்கினார்.

துரை ஏதோ சொல்லிவிட்டுக் காருக்குப் போனார். மாஸ்டர் அதையும் தமிழில் சொன்னார். "முகத்தைவிட முதுகு நல்லா நடிக்குதாம்!"

வீட்டுக்குப் போகும்போது அப்பா முன்னால் நடந்தார். அடி விழும் என்று நான் தள்ளியே நடந்தேன்.

"நாய்க்கு வயித்துவலின்னியே?"

"இப்ப நல்லாயிருச்சுப்பா."

"தொரைக்கு முதுகக் காட்டிக்கிட்டா நான் ஓடுனேன்?"

"ஆமாப்பா. நடு ரோட்டுல."

அப்பாவின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். யாருக்கும் கேட்காதபடி, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு சிரித்தார்.

சில மாதம் கழித்து, பள்ளிக்கூடத்துச் சுவரில் வெள்ளை வேட்டி கட்டிப் படத்தைக் காட்டினார்கள். துரை முன்வரிசையில் நாற்காலியில் இருந்தார். நாங்கள் கடைசியில், தரையில். பன்றி நன்றாக நடித்திருந்தது. முதுகு ஓடியபோது பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். அம்மாகூட, "இந்த முதுகுக்கா நான் தெனமும் தைலம் தேய்க்கிறேன்!" என்று கண்ணைத் துடைத்தாள்.

கடைசியில் பெயர்கள் வந்தன. மாஸ்டர் உரக்கப் படித்தார். போதகரின் பெயர் இருந்தது. ஜெயசீலன் அண்ணனின் பெயர் இருந்தது. துரைக்குத் தனியாக நன்றி இருந்தது. "தகப்பனாக நடித்தவர்: தோட்டத் தொழிலாளி ஒருவர்" என்று இருந்தது.

"யாருடா அது?" என்று கூட்டத்தில் பேச்சு எழுந்தது. கந்தப்பன் கங்காணி மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

"வீரய்யா ரெண்டு தடவ நின்னுட்டான். அப்புறம் ஐயா என்னையத்தான கூப்பிட்டாரு" என்றார்.

எல்லோரும் நம்பினார்கள். நடு ரோட்டில் அப்படி ஓட, கங்காணியை விட்டால் வேறு யாருக்குத் துணிச்சல் வரும்?

நான் எழுந்தேன். "பொய்! அது எங்க..."

அப்பா என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். முன்வரிசை நாற்காலி லேசாகத் திரும்பியிருந்தது.

"ஆமாங்க. கங்காணி முதுகு மாதிரிதான் இருக்கு" என்றார் அப்பா, எல்லோருக்கும் கேட்கும்படி.

நான் அன்று சாப்பிடவில்லை. அப்பாவோடு பேசவும் இல்லை. அவர் ரொட்டியைப் பிட்டு என் தட்டில் வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். "உங்கப்பான்னு பீத்திக்கிட்டியே! அது கங்காணியாம்ல?"

நான் சண்டைக்குப் போகவில்லை. கங்காணியின் முதுகு என்றே அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். கேமராவில் விழுந்தது வெறும் முதுகுதான். துரை பார்த்ததும் அதுதான்.

நான் எதிர்ப்பக்கம் நின்றவள். முகத்தைப் பார்த்தவள்.