விழுப்பரையர் வளர்த்த மலைமகள்

மேற்கு மலைத்தொடரின் பின்னே கதிரவன் இறங்கி மறைந்த பிறகும் அவன் விட்டுச்சென்ற செம்மை வானத்தை விட்டு அகலாதிருந்த ஐப்பசி மாதத்து அந்திப் பொழுதில், புதுவெள்ளம் பெருகிக் கரையோர நாணற்புதர்களை வளைத்து அடித்துக்கொண்டு ஓடிய ஆன்பொருநை நதி, குருதியையும் பொன்னையும் ஒன்றாக உருக்கி வார்த்தாற்போல் வாகையூர்க் கோட்டையின் மதிலடியில் சுழித்துச் சென்றுகொண்டிருந்தது. கீழ்வானில் முழுமைக்குச் சற்றே குறைந்த நிலவு எழுந்திருந்தது. கோட்டையின் நீர்வாயில் படிகளில் நின்ற செருந்தி என்னும் இளநங்கை, அந்த நிலவைப் பார்க்காமல் கரையில் நடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடக்காரர்கள் பரிசல்களைத் தலைமேல் சுமந்து வந்து வரிசையாகக் கவிழ்த்து வைத்தார்கள். எந்தத் திருவிழாவிலும் அவள் அத்தனை பரிசல்களைக் கண்டதில்லை. மறுநாள் கூடவிருந்த பேரவைக்கு நாட்டார் ஆற்றுவழியே வருவதற்காக இருக்கும் என்று எண்ணிக்கொண்டாள்.

பரிசல்களை மேற்பார்வை செய்துகொண்டிருந்தவன் படைத்தலைவன் சேந்தன். அறுவடை முடிந்ததும் அவளை மணக்க நாள் குறிக்கப்பட்டவன். அவள் படியிறங்கிச் சென்று இவை எதற்கு என்று கேட்டபோது, தலைவரின் ஆணை என்று மட்டும் சொன்னான். எப்போதும் அவள் முகத்தை விட்டு விலகாத அவன் கண்கள் அன்று ஆற்றின்மேலேயே இருந்தன.

அன்பு வாசகர்களே, தலைவர் என்று அவன் குறிப்பிட்டவரை நீங்கள் அறிந்துகொண்டால்தான் இனி நடக்கப்போவது விளங்கும். கண்டன் விழுப்பரையர் அரச குலத்தில் பிறந்தவர் அல்லர். பேரரசின் படைவீரன் ஒருவனுடைய பாதுகையைத் துடைக்க மறுத்ததற்காகச் சிறுவயதில் நெற்றியில் வாள்வெட்டு வாங்கிய அநாதை அவர். அந்தத் தழும்போடு வளர்ந்து, பன்னிரு நாட்டு உழவர்களைத் திரட்டி, பேரரசின் மண்டலாதிபதியை மலைக்கணவாய் வழியே திடீரென்று தாக்கித் துரத்தினார். வென்ற களத்தில் வீரர்கள் அவருக்கு முடிசூட்ட வந்தார்கள். இந்த மண்ணில் இனி முடி என்பதே இல்லை, குடவோலையிட்டு மக்கள் தேர்ந்தெடுக்கும் தலைவன் மட்டுமே உண்டு என்று சொல்லி அவர் அந்த முடியை ஆற்றில் எறிந்தார்.

முதல் தேர்தலில் செல்வர்கள் கூடிப் பேசி அவரைத் தோற்கடித்தார்கள். அடுத்ததில் அவர் மனைவி நங்கையாரின் ஒழுக்கத்தைப் பற்றிச் சந்தைதோறும் இழிமொழி பரப்பினார்கள். பரப்பியவர்களில் ஒருவனைத் தனிப்போருக்கு அழைத்து, அவன் எறிந்த ஈட்டியை நெஞ்சில் தாங்கிக்கொண்டே நடந்து சென்று அவனைக் கொன்றார். ஈட்டிமுனையின் ஒரு துண்டு அவர் விலா எலும்பினிடையே தங்கிவிட்டது. குளிர்காலத்தில் இருமும்போது இரத்தம் வரும். அந்தத் தேர்தலில் வென்றார். ஆனால் அவர் அவையேறும் முன்பே நங்கையார் மனம் நொந்து இறந்துபோனார். அதன் பிறகு விழுப்பரையரின் முகத்தில் சிரிப்பைக் கண்டவள் செருந்தி ஒருத்திதான்.

அவளோ அவருக்குப் பிறந்த மகள் அல்லள். முதுகல் மலையில் வாழும் எயினர் குலத்தவள். போரின் முடிவில் எரிந்துகொண்டிருந்த மலையூர் ஒன்றில், இறந்த தாயின் பக்கத்தில் கிடந்த சிசுவை விழுப்பரையர் தம் மேலாடையில் சுற்றி எடுத்து, குதிரைமேல் வைத்தபடியே ஆட்டுப்பாலைத் துணியில் நனைத்துப் புகட்டினாராம். மண்டலாதிபதியின் ஆட்கள்தாம் ஊரை எரித்தார்கள் என்று சொல்லி நங்கையார் அவளை வளர்த்தார். மலைச்சாரலில் பூக்கும் மஞ்சள் பூவின் பெயரை அவளுக்குச் சூட்டியவர் விழுப்பரையர்.

சில நாட்களுக்கு முன்பு அவர் அவளை அழைத்து ஒரு பணி தந்தார். முதுகல் சாரலின் மிளகுக்காடுகளுக்காக உழவர்களும் எயினரும் வெட்டிக்கொண்டு சாகிறார்கள். இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும். பௌர்ணமியன்று எயினர் அனைவரும் இறங்கி வந்தால், சந்திரரும் ஆதித்தரும் உள்ளவரை அவர்களுக்கு நிலம் வழங்குவதாகப் பேரவை முன் சத்தியம் செய்து தருகிறேன். என் ஆட்கள் போனால் நம்ப மாட்டார்கள், நீ போனால் நம்புவார்கள் என்றார். அவள் மகிழ்ச்சியோடு மலையேறினாள். எயினர் தலைவனான கடுவன் மூப்பன் அவள் முகத்தையே நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, உன் சொல் உன் சொல்தானா, அவருடைய சொல்லா என்று கேட்டான். இரண்டும் ஒன்றுதான் என்று அவள் சொன்னாள். அந்த ஒரு சொல்லை நம்பி எயினர் இறங்கி வரச் சம்மதித்தார்கள்.

பௌர்ணமியன்று உச்சிப் பொழுதில் அவர்கள் வந்தார்கள். குழந்தைகளைத் தோளில் வைத்த ஆண்கள், தேன்குடங்களோடு பெண்கள், கோலூன்றிய முதியோர். பேரவைக்கு வருவோர் ஆயுதம் ஏந்தலாகாது என்பதால் வில்லையும் அம்பையும் கோட்டை வாயிலிலேயே வைத்துவிட்டு, ஆற்றங்கரைத் திடலில் அமர்ந்தார்கள். அப்போது அவைக்களத்து எழுத்தர் எழுந்து தீர்மானத்தை வாசித்தார். முதுகல் மலையும் சாரலும் பன்னிரு நாட்டாருக்கு உரியன. ஆற்றின் தென்கரைக்கு அப்பாலுள்ள வறள்காடு, சந்திராதித்தர் உள்ளவரை எயினருக்கு உரியது. இன்று பொழுது சாய்வதற்குள் அவர்கள் அனைவரும் ஆற்றைக் கடந்துவிட வேண்டும்.

வாசித்து முடியும் முன்பே சேந்தனின் வேற்படை திடலைச் சூழ்ந்தது. பேரவையில் ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. பின்வரிசையில் சிலர் கைதட்டினார்கள்.

அதன்பின் அந்தக் கரையில் நடந்ததை விரித்துரைக்க நமக்கு மனம் வரவில்லை. எனினும் கண்ணை மூடிக்கொள்வதும் தகாது. நான்கு பேர் ஏறும் பரிசலில் பத்துப் பேரை ஏற்றினார்கள். ஏற மறுத்தவர்களை வேல்தண்டால் அடித்து ஏற்றினார்கள். தேன்குடங்களை வீரர்கள் எடுத்துக்கொண்டார்கள். வெள்ளத்தின் நடுவே ஒரு பரிசல் சுழன்று கவிழ்ந்தது. அதிலிருந்த பெண்ணொருத்தியை ஓடக்காரன் தலைமயிரைப் பற்றி இழுத்துக் காப்பாற்றினான். அவள் கையிலிருந்த குழந்தை அகப்படவில்லை. கரையிலிருந்த வீரன் ஒருவன் ஓடிவந்து, இனிமேல் எட்டுப் பேராக ஏற்றலாமா என்று கேட்டான். பொழுது போதாது என்றான் சேந்தன்.

செருந்தி வீரர்களின் கைகளைப் பிடித்து இழுத்தாள், மன்றாடினாள். அவள் தலைவரின் மகள் என்பதால் அவர்கள் வணங்கி விலகி நின்று, பின் தங்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். கடுவன் மூப்பன் பரிசலில் கால்வைக்கும் முன் அவளருகே வந்தான். அவன் குரலில் சினம் இல்லை.

"பெண்ணே, உன் முகத்தில் என் தம்பியைக் கண்டுதான் நம்பினேன். கணவாய் வழியை விழுப்பரையனுக்குக் காட்டியவன் உன் தகப்பன். வழி தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கலாகாது என்று வெற்றி கிடைத்த மறுநாளே உன் ஊரை எரித்தார்கள். எரித்தது யார் என்று கண்டு சொல்ல அன்று யாரும் உயிரோடு இல்லை. இன்று இந்தக் கரையைப் பார்த்த பிறகுதான் எனக்கும் விளங்குகிறது. போய் அவனையே கேள்."

அவள் திடலின் மேட்டிலிருந்த கூடாரத்துக்குச் சென்றாள். விழுப்பரையர் தனியே அமர்ந்திருந்தார். வாயில் வைத்திருந்த துணியில் இரத்தக்கறை இருந்தது. நிலம் தருவதாக அவர் சொன்னது பொய்யா என்று அவள் கேட்டாள்.

"நான் பொய் சொல்வதில்லை, மகளே," என்றார் அவர். "நிலம் தருவதாகச் சொன்னேன். தந்திருக்கிறேன். எந்த நிலம் என்று நீயும் கேட்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை."

உழவர்கள் அந்த மலையை எப்படியும் எடுத்துக்கொள்வார்கள், தடுத்தால் எயினரை ஒருவர் விடாமல் வெட்டிப் போடுவார்கள், தாம் அவர்களுக்கு உயிராவது மிச்சம் வைத்தோம் என்று அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். சாரலைப் பெற்றுத் தருவதாகச் சொல்லித்தான் உழவர்களிடம் ஓலை கேட்டார் என்பதையும் மறைக்கவில்லை. எயினரும் இந்த நாட்டவர் அல்லவா, போரில் உங்கள் பக்கம் நின்றவர்கள் அல்லவா என்று அவள் கேட்டாள்.

"குடத்தில் அவர்களுடைய ஓலை இல்லை, அம்மா. ஓலை இட்டவர்களுக்குத்தான் நான் தலைவன்."

எதைக் கேட்க வந்தாளோ அதைக் கேட்கச் செருந்திக்கு அச்சமாக இருந்தது. இருந்தும் கேட்டாள்.

"என் ஊரை எரித்தது யார், தந்தையே?"

அவர் நெற்றித் தழும்பை விரலால் தடவிக்கொண்டார். வெளியே வெள்ளத்தின் இரைச்சலோடு ஓலமும் கேட்டது.

"நான்தான்," என்றார். "அன்று நான் தயங்கியிருந்தால் மண்டலாதிபதி அந்த வழியாகவே திரும்பி வந்திருப்பான். இன்றும் அந்த நாளை எண்ணினால் எனக்கு உறக்கம் வருவதில்லை. ஆனால் மறுபடியும் அந்த நாள் வந்தாலும் அதையேதான் செய்வேன். உன்னை மட்டும் விட்டுவர என் கையால் முடியவில்லை."

வாசகர்களே, அவர் கண்களில் நீர் நின்றது உண்மை. அந்த நீரைக் கண்டபோதுதான் செருந்தியின் நெஞ்சில் எஞ்சியிருந்த கடைசி இளக்கமும் கல்லாக இறுகியது. தன்மேல் அவர் கொண்ட அன்பு பொய்யாக இருந்திருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். அது மெய்யாகவே இருந்தது. அத்தனையையும் செய்த கையிலேயே இருந்தது. அவள் அவரை வணங்காமல் வெளியேறினாள். அவர் சேந்தனை அழைத்து, அவளைக் கோட்டைக்குள் கொண்டுபோய்க் காவல் வைக்கும்படி சொன்னார்.

சேந்தன் அவள் பின்னே நடந்தான். அவள் கோட்டைப் பக்கம் திரும்பாமல் நேரே நீர்த்துறைக்குச் சென்றாள். கடைசிப் பரிசல் புறப்பட இருந்தது. அவன் விரைந்து முன்னே வந்து வேலைக் குறுக்கே நீட்டினான். நடந்தவற்றில் தனக்குப் பங்கில்லை என்றும், ஆணையை மீறினால் தன் தலை உருளும் என்றும், மணம் முடிந்ததும் தொலைவான நாட்டுக்குப் போய்விடலாம் என்றும் தாழ்ந்த குரலில் சொன்னான்.

"படைத்தலைவரே, பொழுது போதாது என்று தாங்கள் சொன்னதை நான் கேட்டேன்," என்றாள் செருந்தி. "இப்போதும் பொழுது போதாது. வழி விடுங்கள், அல்லது குத்துங்கள்."

வேல் மெல்லத் தாழ்ந்தது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்த ஒரு கணத்துக்காக அவனை நாம் போற்ற விரும்பினாலும் உண்மை இடம் தரவில்லை: அடுத்த மாதமே முதுகல் சாரலில் அவனுக்கு மிளகுத்தோட்டம் வழங்கப்பட்டது, அவன் அதை மறுக்கவில்லை. அந்த ஆண்டுத் தேர்தலில் விழுப்பரையரின் பெயர் எழுதிய ஓலைகளால் எல்லா நாடுகளின் குடங்களும் நிரம்பி வழிந்தன என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

தென்கரையில் செருந்தி இறங்கியபோது யாரும் அவளுக்குக் கை கொடுக்கவில்லை. முள்ளும் உப்புமண்ணுமாக விரிந்த அந்தப் பொட்டலில் எயினர் நனைந்த உடையோடு நின்றார்கள். குழந்தையைப் பறிகொடுத்த பெண் எழுந்து வந்து அவள் முகத்தில் அறைந்தாள், மறுபடியும் அறைந்தாள். செருந்தி கையைத் தூக்கித் தடுக்கவில்லை. மூன்றாம் முறை ஓங்கிய கை தானாகவே தளர்ந்தது. அந்தப் பெண் மண்ணில் அமர்ந்து அழத் தொடங்கினாள்.

விழுப்பரையன் வீட்டுப் பெண் எங்களுக்கு வேண்டாம் என்று கடுவன் மூப்பன் சொன்னான். செருந்தி தன் காதிலும் கழுத்திலும் கிடந்த பொன்னைக் கழற்றி வெள்ளத்தில் எறிந்தாள். பின் முழங்கால் அளவு நீரில் இறங்கி, அந்தக் குழந்தையை விழுங்கிய ஆற்றுநீரை இரு கைகளிலும் அள்ளினாள்.

"முதுகல் மலையில் நம்முடைய அடுப்புகள் மீண்டும் எரியும்வரை நான் கூந்தல் முடியேன், கூரையின் கீழ் உறங்கேன். அந்த மனிதர் எனக்கு இட்ட பெயரை இந்த நீரோடு விடுகிறேன். அந்தப் பெயரைச் சொல்லி யார் அழைத்தாலும் இனி அது நான் இல்லை. உங்களை இறக்கிய நாவினாலேயே உங்களை ஏற்றுவேன். முடியாவிட்டால் அந்த நாவோடு இங்கேயே சாவேன்."

அவள் நீரைக் கீழே விட்டாள். கடுவன் மூப்பன் சற்று நகர்ந்து, தன் பக்கத்தில் அவளுக்கு நிற்க இடம் விட்டான்.

அந்த நேரத்தில் வடகரையின் நீர்வாயில் படிகளில் ஓர் உருவம் தடுமாறி இறங்கி வந்தது. போர்க்களத்திலும் அவையிலும் ஒருநாளும் குரல் உயர்த்தி அறியாத கண்டன் விழுப்பரையர், நெஞ்சைக் கையால் அழுத்திக்கொண்டு, வெள்ளத்தின் இரைச்சலுக்கு மேலாக உரக்கக் கூப்பிட்டார்.

"செருந்தி!"

காற்று அந்தப் பெயரைத் தென்கரைக்குக் கொண்டுவந்தது. எயினர் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மட்டும் திரும்பவில்லை.