மாத்திரை அலமாரி

சீருடையின் கடைசிப் பொத்தானை மருமகள் போட்டு முடிப்பதற்குள் மாமியாரின் அறையிலிருந்து நாத்தனாரின் குரல் வந்துவிட்டது.

"கொஞ்சம் எல்லாரும் இங்க வர்றீங்களா?"

எல்லாரும் என்றால் அந்த வீட்டில் மருமகளும் அவள் கணவனும்தான். நாத்தனாருக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. அவள் காது கேட்க யாரும் சொன்னதில்லை. இடுப்பெலும்பு உடைந்து, ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்தவள், வந்த நாளிலிருந்து எல்லாரையுமே மேய்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு மருமகளுக்கு ஆஸ்பத்திரியில் முதல் நாள். படித்து முடித்து, நர்ஸ் என்று வேலையில் சேரும் நாள். அதற்குள் என்ன முளைத்ததோ என்று நினைத்தபடி, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டே போனாள்.

கட்டிலை ஒட்டிய மருந்து அலமாரி திறந்து கிடந்தது. அதற்கு ஒரே சாவி. அது மாமியாரின் கழுத்தில் ஒரு நீலக் கயிற்றில் தொங்கும். தன் மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்வதாகச் சொல்லி, அந்தக் கயிற்றை அவள் யாரிடமும் கொடுத்ததில்லை.

"ராத்திரி பூரா அம்மா முனகிட்டே இருந்தாங்க," என்றாள் நாத்தனார். "வலி மாத்திரை ஒண்ணு கொடுக்கலாமேன்னு, அவங்க கண்ணசந்தப்போ சாவியை எடுத்துத் திறந்தேன்." காலி அட்டைப் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினாள். "ஒண்ணுகூட இல்ல. டாக்டர் எழுதிக் கொடுத்தது அத்தனையும் போச்சு."

விழித்துப் படுத்திருந்த மாமியார் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கணவன் மனைவியைப் பார்த்தான். உடனே தரையைப் பார்த்துவிட்டான். ஆனாலும் பார்த்தது பார்த்ததுதான்.

"அம்மாவைத் துடைச்சு விடறப்போ இந்தக் கயித்தைக் கழட்டி வைக்கிறது யாரு?"

"நான்தான் அண்ணி."

"அப்புறம் நான் வேற வாயைத் திறந்து சொல்லணுமா?"

சொல்லத்தான் வேண்டியதில்லை. அந்த வீட்டில் மாத்திரை காணாமல் போனால் எந்தப் பக்கம் விரல் நீளும் என்பது சுவருக்குக்கூடத் தெரியும். மாமனார் படுத்த படுக்கையாகக் கிடந்த வருஷங்களில் அவரைத் தூக்கி, புரட்டி, துடைத்துக் கிடத்தியது அவள் ஒருத்திதான். நாத்தனார் எப்போதாவது பழம் வாங்கிக்கொண்டு வந்து யோசனை சொல்லிவிட்டுப் போவாள். ஒரு நாள் மருமகளின் முதுகு பிடித்துக்கொண்டது. டாக்டர் வலி மாத்திரை கொடுத்தார். வலி போனது, மாத்திரை போகவில்லை. தன்னுடையது தீர்ந்தபோது அவள் மாமனாருடையதில் கை வைத்தாள். அவருக்குக் கொடுக்க வேண்டியதைத் தான் விழுங்கிவிட்டு, வலியில் தன் கையைப் பிடித்த அந்த மனிதரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்ட நாள் ஒன்று உண்டு. அதை அவள் மறைத்ததில்லை. மறப்பதற்கும் தன்னை அனுமதித்ததில்லை.

பிறகு சிகிச்சை மையம், நடுக்கம், வாந்தி, தூக்கமில்லாத வாரங்கள். சொந்தக்காரர்களுக்கெல்லாம், அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று வீட்டில் சொல்லி வைத்தார்கள். திரும்பி வந்தவள் மாத்திரையைத் தொடவில்லை. தன்னைப் போல மீண்டவர்கள் கூடும் இடத்துக்கு வாராவாரம் போய்வந்தாள். நர்ஸிங் படிக்கப் போகிறேன் என்றபோது, ஊரில் வேற படிப்பே கிடைக்கலையா என்று எல்லாரும் கேட்டார்கள். திருடின கையாலயே கொடுக்கணும்னு இருக்கு என்று மட்டும் சொன்னாள்.

நாத்தனார் இப்போது மருமகளின் கைப்பையை எடுக்கப் போனாள். மருமகள் முந்திக்கொண்டாள். பையைத் தானே எடுத்துத் தரையில் கவிழ்த்தாள். சீப்பு, பேனா, கத்தரிக்கோல், சாப்பாட்டு டப்பா, வினாடி முள் வைத்த சின்னக் கடிகாரம் எல்லாம் உருண்டன.

"நல்லாப் பாருங்க அண்ணி. அடியில ஒரு ஜிப் இருக்கு. அதையும் திறங்க."

"விடுக்கா..." என்று முனகிய கணவன், மனைவியின் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினான். "எடுத்திருந்தா சொல்லிடும்மா. நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

நாத்தனார் சொன்னதெல்லாம் மேலே பட்டுத் தெறித்திருந்தது. இதுதான் உள்ளே இறங்கியது.

"நீங்க எப்பதான் என்ன சொன்னீங்க?" என்றாள் அவள். "உங்க அப்பாவை நான் ஒருத்தியே தூக்கினப்போ சொன்னீங்களா? எடுக்கலைன்னு இப்ப எனக்காக ஒரு வார்த்தை சொல்ல வருதா உங்களுக்கு?"

"பேச்சைப் பாரு," என்றாள் நாத்தனார். "இவளை நம்பி நோயாளிங்களை விடப் போறாங்களாம். நானே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு இவ கதையைச் சொல்றேன். அங்க ஒரு உயிர் போச்சுன்னா அந்தப் பாவம் நம்ம தலையில விடியும்."

"போடுங்க. நம்பர் நானே தர்றேன். ஹெட் நர்ஸைக் கூப்பிடச் சொல்லுங்க, அவங்ககிட்டயே பேசுங்க. அவங்களுக்கு எல்லாம் தெரியும்."

"என்ன தெரியும்?"

"எல்லாம். காலேஜ்ல சேர்றப்பவும் சொன்னேன், வேலைக்குக் கேட்கிறப்பவும் சொன்னேன். உங்க அப்பா மாத்திரையைத் திருடினதுவரைக்கும் சொன்னேன். மாத்திரை எதுவும் எடுத்திருக்கேனான்னு பார்க்க, கூப்பிட்ட நேரத்துக்கு நான் பரிசோதனைக்குப் போய் நிக்கணும். அங்க வலி மருந்து அலமாரியோட சாவி இப்போதைக்கு என் கைக்கு வராது. சரின்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்."

நாத்தனார் அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். "வெளியில சொல்லிட்டியா? நாங்க இத்தனை வருஷம் மூடி மூடி வெச்சோம். குடும்ப மானம் என்னாகறது?"

"நோய் என்னோடது அண்ணி. மூடி வெச்சது நீங்க."

நாத்தனார் உட்கார்ந்த அதிர்வில் கட்டில் லேசாக அசைந்தது. மாமியாரின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்து, வந்த வேகத்தில் அடங்கியது. அந்தச் சத்தத்தில் மருமகளின் கோபம் பாதியில் நின்றது. ஷூவைக் கீழே போட்டுவிட்டுக் கட்டிலருகே போனாள். மாமியாரின் நெற்றியில் வியர்வை. ஒரு கை போர்வையைக் கசக்கிப் பிடித்திருந்தது. மூச்சு மேலோட்டமாக, பயந்து பயந்து வந்தது. மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். பிறகு கண்களைப் பார்த்தாள், அகலத் திறந்து ஈரமாக இருந்த அந்தக் கண்களை.

"கடைசியா எப்ப மாத்திரை போட்டீங்க அத்தை?"

மாமியார் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பப் பார்த்தாள்.

"அந்த மாத்திரை போட்டவங்க கண்ணு இப்படி இருக்காது. சொக்கிப் போயிருக்கும், நாக்கு வறண்டு போகும், பேச்சு இழுக்கும். படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது கொஞ்சம்தான். மீதி எனக்கே தெரியும். நீங்க போடவே இல்ல. இல்லையா?"

மாமியார் போர்வையை விட்டுத் தலையணையைத் தொட்டாள். "தலையணைக்குள்ள இருக்கு," என்றாள்.

கணவன் குனிந்து தலையணை உறைக்குள் கையை விட்டான். கசங்கிய மாத்திரை அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பிரிக்காத அட்டைகள்.

"ஏம்மா?" என்றாள் நாத்தனார். குரலில் ஹெட்மிஸ்ட்ரஸ் போய்விட்டிருந்தாள்.

"இவ கண்ணுல பட்டுடக் கூடாதுன்னுதான்..." மாமியார் தேம்பினாள். "ஒண்ணு போடணும்னு தண்ணி கேட்டாகூட ஓடி வர்றது இவதான். அட்டையைப் பார்த்து இவளுக்குப் பழைய ஆசை வந்துட்டா? தலையெடுத்து நிக்கிற பொண்ணு, என்னால மறுபடி விழணுமா? வலிதானே, பொறுத்துக்கலாம்னு இருந்தேன். கொட்டிடலாம்னு பார்த்தா பாத்ரூம்வரைக்கும் நடக்க முடியல..."

அறுத்துத் தைத்த இடுப்போடு இத்தனை நாள் இந்த அம்மாள் எப்படிக் கிடந்தாள் என்று மருமகள் நினைத்துப் பார்த்தாள். ஆனாலும் அவள் விடவில்லை.

"என்னைத் திருடின்னு சொன்னாங்களே அத்தை, அப்ப ஏன் சுவரைப் பார்த்தீங்க?"

"சொல்ல வாயெடுத்தேன்மா. உன்னை நான் நம்பலைன்னு உனக்குத் தெரிஞ்சுடுமேன்னு பயம்... முதல் நாள் வேலைக்குப் போறப்ப அதைக் கேட்டுட்டுப் போவியேன்னு..."

"எனக்காக வலியைத் தாங்கினீங்க. அதுக்கு நான் அப்புறமா உக்காந்து அழுவேன். ஆனா என்னை நம்பாம தாங்கினீங்க. அதுக்கு இப்பவே கோபம் வருது." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உலகத்துல இருக்கிற மாத்திரையையெல்லாம் உங்க தலையணைக்குள்ள ஒளிச்சு வைக்க முடியுமா? இன்னிக்கு நான் போற இடத்துல திரும்பின பக்கமெல்லாம் மருந்துதான். நான் அங்கதான் நிக்கப் போறேன்."

மாமியார் கையை நீட்டினாள். மருமகள் குனிந்ததும் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு குழந்தைபோல அழுதாள். அந்த நனைந்த கன்னத்தோடு தன் கன்னத்தை வைத்துக்கொண்டு மருமகளும் அழுதாள். அப்புறமா என்று சொன்னது அவ்வளவு நேரம்தான் தாங்கியது.

முதலில் நிமிர்ந்தது அவள்தான். கணவனிடம் டாக்டருக்குப் போன் போடச் சொன்னாள். இத்தனை நாள் போடாமல் இருந்ததைச் சொல்லி, எப்படித் தொடங்குவது என்று கேட்டுக்கொண்டாள். நாத்தனார் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்; கணவன் மாத்திரையைப் பிரித்து அம்மாவின் வாயில் போட்டான்; மருமகள் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

மாமியார் கழுத்திலிருந்த நீலக் கயிற்றைக் கழற்றினாள். "இனிமே இது உன்கிட்ட இருக்கட்டும்மா," என்று சாவியை நீட்டினாள்.

நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். கணவன் முகத்தில் நிம்மதி தெரிந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று நினைத்திருப்பான்.

"வேண்டாம் அத்தை."

"இன்னும் கோபமா?"

"கோபம் இல்ல. அதைக் கையில வாங்கினாத்தான் நான் நல்லவள்னு ஆகுமா? என்கிட்ட அது இருக்கக் கூடாதுன்னு எனக்கே தெரியும். அது தெரிஞ்சவதான் இன்னிக்கு இந்தச் சட்டையைப் போட்டிருக்கேன். ஆஸ்பத்திரியில அந்த அலமாரியை யாருமே தனியாத் திறக்க மாட்டாங்க. எடுக்கிறப்ப ரெண்டு பேர், கொடுக்கிறப்ப ரெண்டு பேர், மிச்சத்தைக் கொட்டுறதுன்னாலும் ரெண்டு பேர். பழைய கதை இருக்கோ இல்லையோ, எல்லாருக்கும் அதுதான். இங்கயும் அப்படியே இருக்கட்டும். சாவி அண்ணிகிட்ட, மாத்திரை உங்க பிள்ளை கையில."

நாத்தனார் தயங்கித் தயங்கிக் கயிற்றை வாங்கிக்கொண்டாள். "டீயாவது குடிச்சிட்டுப் போயேன்," என்றாள், யார் முகத்தையும் பார்க்காமல். மன்னிப்பு என்று அவளிடமிருந்து வந்தது அவ்வளவுதான்.

"சாயங்காலம் வந்து குடிக்கிறேன் அண்ணி. நீங்களே போட்டு வைங்க."

தரையில் சிதறிய பொருள்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக் கணவன் பையில் வைத்துக்கொண்டிருந்தான். பையை நீட்டியபோது, "நீ எடுக்கலைன்னு நான் சொல்லியிருக்கணும்," என்றான். "ஆமா, சொல்லியிருக்கணும்," என்று அவள் வாங்கிக்கொண்டாள். அவனை அவ்வளவு சுலபமாக விட்டுவிட அவளுக்கு மனம் வரவில்லை.

வாசலில் உட்கார்ந்து ஷூவைக் கட்டும்போது உள்ளே போன் அடித்தது. தினமும் காலையில் நலம் விசாரிக்கும் மாமியாரின் தங்கைதான். கதவு திறந்திருந்ததால் மாமியாரின் குரல் தெளிவாகக் கேட்டது.

"வலி இருக்கத்தான் இருக்கு... மருமகளா? வேலைக்குக் கிளம்பிட்டா. ஆமா, நர்ஸு... இரு, இன்னொண்ணு சொல்லணும். அந்த வருஷம் அவ அம்மா வீட்டுக்குப் போகல. மாத்திரைப் பழக்கத்தை விடப் போயிருந்தா. நாங்கதான் உன்கிட்ட பொய் சொன்னோம்... என்ன மானம்? போனவ விட்டுட்டு வந்திருக்கா. யாரு கேட்டாலும் நீ இதையே சொல்லு."

மருமகள் முடிச்சை இறுக்கிக் கட்டினாள். முதல் நாளே தாமதமாகப் போனால் ஹெட் நர்ஸ் காரணம் கேட்பாள். நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடலாம் என்று எழுந்து நடந்தாள்.